ஹார்லன் பெக் கைவைத்த பிரேக்

ஆர்டித் பெக் வேலை பார்த்த உதிரிபாகக் கடைக்குக் காலை ஒன்பது மணிக்குக் காப்பி குடிக்க வருகிறவர்கள், சாமான் வாங்க வருகிறவர்களைவிட அதிகம். கவுண்டருக்கு வெளியே நான்கு ஸ்டூல்கள் இருந்தன. அதில் ஒன்றை டுவேன் தன் பட்டா நிலம் மாதிரி வைத்திருந்தார். எழுபத்தாறு வயது, ஊருக்கு வடக்கே சோளமும் சோயாவும் போடுகிறவர். இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் ஏப்ரலில் ஒருநாள் அவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார்.

"என் கொட்டகைல கெடந்துச்சே அறுபத்தாறு மாடல் காரு, அத வித்துட்டேன்."

"அந்த எலி வளையையா? எந்தப் புண்ணியவான் வாங்குனான்?" என்றாள் ஆர்டித்.

வழக்கமாக இப்படிக் கேட்டால் டுவேன் பதிலுக்கு இரண்டு கேலி வைத்திருப்பார். அன்று கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வெர்லின் ரப். டொலீடோ டவுன்ல கண்ணாடி பேக்டரி வேலைய விட்டுட்டு வந்துட்டான். அப்பன் வீட்டுலதான் இருக்கான். மூணு தடவ வந்து கேட்டான், ஆர்டித். வேற எவன் வாயாலயோ நீ கேக்க வேணாம்னுதான் நானே சொல்றேன்."

ஆர்டித் அலமாரிப் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த ஃபில்டர் டப்பாக்களை அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கியிருந்தது பிற்பகலில்தான் தெரிந்தது.

வெர்லின் ரப்பை அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. எழுபத்தொன்று ஆகஸ்டில் அவனுக்குப் பத்தொன்பது வயது. இதே மாதிரி ஒரு அறுபத்தாறு மாடல் வைத்திருந்தான். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், முடுக்கினால் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். ஆர்டித்தின் அண்ணன் கர்டிஸ் அவனுக்கு உயிர்த்தோழன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆள் உயரத்துக்குச் சோளம் நின்ற வயல்களுக்கு நடுவில், கேட் இல்லாத ரயில்வே கிராசிங்கில் கூட்ஸ் வண்டி அந்தக் காரை அடித்தது. வெர்லின் வெளியே தூக்கி எறியப்பட்டான். இடுப்பும் காலும் உடைந்தன. கர்டிஸ் போய்விட்டான். பதினெட்டு வயது.

அதோடு முடிந்திருந்தால் ஊர் அழுதுவிட்டு மறந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் கண் விழித்த வெர்லின், பெடல் தரைக்குப் போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸிடம் சொன்னான். அந்தப் பிரேக்கை இரண்டு நாள் முன்னால்தான் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் ஹார்லன் பெக், கர்டிஸின் அப்பா. ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே வழிதான்; ஒரு இணைப்பு ஒழுகினால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். ஏதோ ஒரு நட்டை ஹார்லன் சரியாக முறுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. சோதித்துப் பார்க்கலாம் என்றால் காரில் முழுசாக ஒரு குழாய்கூட மிஞ்சவில்லை.

ஹார்லன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைப் புதைத்த மறுவாரம் ஷெட்டைப் பூட்டினார். தானியக் கிடங்கில் கூலிக்குப் போனார். அதற்கப்புறம் யார் வண்டியிலும் அவர் கை வைக்கவில்லை. தன் சொந்த வண்டிக்கு ஆயில் மாற்றக்கூட வெளியே கொடுத்தார். எண்பத்தெட்டாம் வருஷம் இறந்தார். அந்தப் பதினேழு வருஷத்தில் அவர் சிரித்த ஞாபகம் ஆர்டித்துக்கு இல்லை. அப்பாவின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தே கற்றவள் அவள். ஷெட் போன பிறகு அவளுக்குக் கிடைத்தது இந்தக் கவுண்டர்தான். முப்பது வருஷமாக எந்த வண்டிக்கு எந்தப் பாகம் என்று புத்தகத்தைத் திறக்காமல் சொல்லிவந்தாள்.

மே மாதம் முதல் வாரத்தில் வெர்லின் கடைக்குள் வந்தான். ஐம்பத்தொன்பது வயது. இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டூல்களில் இருந்த நான்கு பேரும் பேச்சை நிறுத்தும்வரை நின்றான்.

"ஆர்டித்."

"சொல்லுங்க. என்ன வேணும்?" எல்லா வாடிக்கையாளரிடமும் பேசுகிற அதே குரல்தான். அந்தக் குரலைக் கொண்டுவர அவள் கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயில் போகிற இரட்டை மாஸ்டர் சிலிண்டர். குழாய்கள் எல்லாம் துரு ஏறாத உலோகத்தில். தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட், நான்கு இருக்கைக்கும்.

டுவேனால் பொறுக்க முடியவில்லை. "ஏம்ப்பா, அது அறுபத்தாறு. கம்பெனியிலேர்ந்து வந்த மேனிக்கு வச்சிருந்தாத்தான் நாலு பேரு மதிப்பான். நீ என்ன, கல்யாணப் பொண்ணுக்கு ஹெல்மெட் மாட்டுறியே!"

மற்ற மூவரும் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. "பிரேக்கப் போட்டா நிக்கிற வண்டியா ஒண்ணு செய்யணும், டுவேன். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி."

ஆர்டித் ஆர்டரை எழுதிக்கொண்டாள். 'நிக்கிற' என்ற அந்தச் சொல் அவளை என்னவோ செய்தது. இவனும் அந்தச் சனிக்கிழமையிலேயே நின்றுபோனவன்தானோ என்று முதல்முறையாக நினைத்தாள்.

கோடை முழுக்க அவன் வந்துபோனான். நாற்பது வருஷமாக ஒரு காரின் பானெட்டைத் திறந்து பார்க்காதவன் அவன்; எதை வாங்கினாலும் எப்படி மாட்டுவது என்று கேட்பான். ஆர்டித் சுருக்கமாகச் சொல்வாள். தரைத் தகடு முழுக்க துரு தின்றிருந்ததால் வெட்டி எடுத்து வெல்டிங் செய்யக் கற்றுக்கொண்டான். மூன்றாவது வாரம் கை முழுக்கப் பொறிப் புண்ணோடு வந்தவனிடம், "கையுறைன்னு ஒண்ணு விக்கிறோம். தெரியுமில்ல?" என்றாள். டுவேன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, அவனிடம் தான் கேலி பேசிவிட்டோம் என்று.

வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. லியோராவுக்கு எண்பத்து நான்கு வயது. காது மந்தம், மனசு மந்தமில்லை. "ரப் வீட்டுப் பையன் வந்திருக்கானாமே" என்று ஒருமுறை கேட்டாள். "ஆமா" என்றாள் ஆர்டித். "பாவம், அவன் மேல என்ன தப்பு" என்றுவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தப்பு யார் மேல் என்பதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் வெர்லின் முகம் வாடிப்போய் வந்தான். "பிரேக் எல்லாம் மாட்டிட்டேன். பெடல் பஞ்சு மாதிரி இருக்கு."

"உள்ள காத்து இருக்கு. ஏர் எடுக்கணும். ஒரு ஆள் பெடல அமுக்கணும், ஒரு ஆள் கீழ சக்கரத்துல இருக்கற நிப்பிளத் திறந்து மூடணும். தனியா முடியாது."

"எனக்கு யாரு இருக்கா?"

ஆர்டித் கவுண்டரில் கிடந்த நாள்காட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்" என்றாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிரேக் சரியில்லாத ஒரு வண்டி அந்த ஊரில் இன்னொரு முறை ரோட்டில் இறங்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

கார் அவன் கொட்டகையில் நான்கு தாங்கிகள்மேல் நின்றது. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. சாம்பல் நிறப் பூச்சோடு இருந்தது. ஆனால் வேலை சுத்தமாக இருந்தது; குழாய் வளைவுகள் ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல. ஆர்டித் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். தரையில் அட்டையை விரித்துப் படுத்து, பின்பக்கம் வலது சக்கரத்துக்குப் பின்னால் நகர்ந்தாள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். வெர்லின் டிரைவர் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

"மூணு தடவ அமுக்கி, மூணாவது தடவ அப்படியே பிடிச்சுக்கணும். நான் சொல்றவரைக்கும் கால எடுக்கக்கூடாது. எடுத்தா காத்த திரும்ப உள்ள இழுத்துக்கும். சரியா?"

"சரி."

"அமுக்குங்க... பிடிங்க."

அவள் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்று திறந்தாள். ஒளி ஊடுருவும் சின்னக் குழாயில் குமிழ்களோடு ஆயில் ஓடியது. மேலே பெடல் மெதுவாக இறங்கித் தரைத்தகட்டில் இடிக்கும் சத்தம் கேட்டது. நிப்பிளை மூடினாள்.

"விடுங்க."

மேலே ஒன்றும் அசையவில்லை.

"விடுங்கன்னு சொன்னேன்."

"ஆர்டித்." வெர்லினின் குரல் வேறு மாதிரி இருந்தது. "பெடல் தரைக்குப் போறது இப்படித்தான் இருக்குமா?"

"இது என்ன கேள்வி? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது." அவன் மூச்சு வாங்கினான். "எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் மொதத் தடவையாப் பாக்குறேன்."

ஆர்டித்தின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. முகத்துக்கு ஒரு முழம் மேலே காரின் அடித்தகடு. அங்கிருந்து அவனுடைய முகம் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் அவனால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"கூட்ஸ் வண்டி ஊதுனது கேட்டுச்சு. வெளிச்சமும் தெரிஞ்சுச்சு. கர்டிஸ் 'நிறுத்துடா, நிறுத்துடா'ன்னு டேஷ்போர்டுல அடிச்சான். நான் பிரேக்குல கால வைக்கவே இல்ல. ஆக்ஸிலேட்டரத்தான் மிதிச்சேன். முந்திரலாம்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் 'பிரேக் பிடிக்கலையாப்பா'ன்னு கேட்டார். ஆமான்னுட்டேன். பெடல் தரைக்குப் போயிருச்சுன்னேன். அவ்வளவுதான், ஆர்டித். அவ்வளவுதான் சொன்னேன்."

ஈ ஒன்று கொட்டகைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிரேக் போட்டது எங்கப்பான்னு உனக்குத் தெரியாதா?" கோடை முழுக்க வாய் நிறையச் சொன்ன 'நீங்க' எங்கோ போய்விட்டது.

"தெரியும். மறுநாளே அவர் வந்தார். என் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு என் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். 'நான் நல்லாத்தான் முறுக்குனேன்னு நெனச்சேன்பா'ன்னு சொன்னார். அப்பச் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் அழுதார். நான் கண்ண மூடிக்கிட்டேன்."

ஆர்டித் காருக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா தானியக் கிடங்கிலிருந்து தலைமயிரெல்லாம் தூசியாக வந்து, பின்வாசல் குழாயில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டு நிற்பார். அவள் உள்ளே கூப்பிட்டாலும் கழுவிக்கொண்டே நிற்பார். அது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. எழுந்து போய் அந்த ஸ்பேனரால் அவன் மண்டையில் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

"அப்ப இந்த டிஸ்க், இந்த ரெட்டைச் சிலிண்டர், இதெல்லாம் எதுக்கு?"

"நாப்பது வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிட்டேன். பிரேக்க நல்லாப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்னு... பைத்தியக்காரத்தனம்தான்."

"கால எடு" என்றாள் ஆர்டித்.

பெடல் மேலே வந்தது.

"இப்ப மறுபடியும் அமுக்கு. நாலு சக்கரமும் முடியற வரைக்கும் நான் போகமாட்டேன். ஹார்லன் பெக் வீட்டு ஆளுங்க பாதி வேலையில பிரேக்க விட்டுட்டுப் போனாங்கன்னு யாரும் சொல்லக்கூடாது. அமுக்குடா!"

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அமுக்கு, பிடி, விடு என்ற மூன்று சொற்களைத் தவிர அவள் வேறு பேசவில்லை. சில சமயம் மேலே அவன் விசும்புவது கேட்டது. அவள் காத்திருக்கவில்லை, அடுத்த சொல்லைச் சொன்னாள். கடைசிச் சக்கரம் முடிந்து பெடல் கல்லாக நின்றதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வீட்டுக்கு வா. இத எங்கிட்ட சொன்னாப் பத்தாது. எங்கம்மாகிட்ட சொல்லணும்."

அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. லியோரா உருளைக்கிழங்கு மசியல்மேல் கோழி நூடுல்ஸ் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உக்காருப்பா, சாப்பிடு" என்றாள். அவன் உட்காராமல் நின்றபடியே சொன்னான். அவளுக்குக் காதில் விழவில்லை.

"சத்தமாச் சொல்லு."

அவன் மறுபடியும் சொன்னான். அப்போதும் பாதிதான் விழுந்தது. மூன்றாவது தடவை அவன் கத்த வேண்டியிருந்தது. "மிஸஸ் பெக், பிரேக் நல்லா இருந்துச்சு! உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் போட்டிருந்தார்! நான்தான் மிதிக்கல!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

லியோரா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். பேசியதும் அவனிடம் இல்லை.

"பதினேழு வருஷம் அந்த மனுஷனுக்குத் தட்டுல சோறு வச்சேன். ஒருநாள்கூட 'பரவாயில்ல ஹார்லன்'னு சொன்னதில்ல. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் காத்துக்கிட்டிருந்தார். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

"அம்மா..." என்று ஆர்டித் அவள் தோளைத் தொட்டாள்.

"அவனப் போகச் சொல்லு. கோவத்துல சொல்லல. இப்ப என்னால யாரையும் பாக்க முடியாது."

அந்த வாரம் வெர்லின் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்த இளவயது அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இத்தனை வருஷத்துக்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு உள்ளூர் வாரப்பத்திரிகையில் இடம் வாங்கி ஒரு அறிவிப்புப் போட்டான். கறுப்புக் கட்டத்துக்குள் சில வரிகள்தான். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று ஆகஸ்ட் மாதம் கர்டிஸ் பெக் இறந்த விபத்தில் என் காரின் பிரேக் நன்றாக இருந்தது. அதைப் பொருத்தியவர் ஹார்லன் பெக். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. பொய் சொன்னேன். வெர்லின் ரப்.'

பத்திரிகை வெளிவந்த காலையில் டுவேன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காரவில்லை. கவுண்டருக்கு முன்னால் நின்றார்.

"அந்த வருஷம் உங்கப்பன் ஷெட்டுல என் டிரக் நின்னுச்சு. அடக்கம் முடிஞ்ச மறுநாளே போய் எடுத்துட்டு வந்துட்டேன். பிரேக்குப் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு நட்டாத் திருகிப் பார்த்தேன். ஒண்ணுகூட லூசா இல்ல." அவர் பத்திரிகையை மடித்துக் கவுண்டரில் வைத்தார். "அத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா கொஞ்சம் பேராவது யோசிச்சிருப்பாங்க."

"சொல்லியிருக்கலாம், டுவேன்" என்றாள் ஆர்டித். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் காப்பிக்கு வரவில்லை.

வெர்லின் அந்தக் காரை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினான். வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் அவன் அதற்கு அடர்நீலத்தில் பெயின்ட் அடித்து முடித்தானாம். சாயங்காலங்களில் ரோட்டில் ஓட்டிப் போவானாம். அவள் போய்ப் பார்க்கவில்லை.

அக்டோபரில் லியோரா கல்லறைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். கர்டிஸுக்கு ஒருபக்கம் ஹார்லன்; மறுபக்கத்து இடத்தை லியோரா தனக்கென்று ஹார்லன் இறந்தபோதே வாங்கிப் போட்டிருந்தாள். கணவனுக்குப் பக்கத்தில் இருந்த இடம் வெறும் புல்லாகக் கிடந்தது. ஊர் அதை இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மடக்கு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள், எழும்போது ஊன்றுகோலால் அந்தப் புல்லைக் காட்டினாள்.

"என்னைய அங்க போட்டுடு."

"சரிம்மா."

"மறந்துடாத. எழுதிக்கொடுத்துடு ஆபீஸ்ல."

பிப்ரவரியில் தூக்கத்தில் போனாள். நிலம் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட இயந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது. வெர்லின் கூட்டத்தோடு சேரவில்லை; இரும்புக் கேட்டுக்கு வெளியே பனியில், தொப்பி இல்லாத தலையோடு, ஜெபம் முடியும்வரை நின்றான். ஹார்லனுக்குப் பக்கத்தில் பெட்டி இறங்கியதை அங்கிருந்தே பார்த்திருப்பான்.

எல்லோரும் சர்ச்சுக்குத் திரும்பியபோது ஆர்டித் கேட் அருகில் நின்றாள். அவனை மன்னித்துவிட்டாளா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு, இன்னும் இல்லை என்று திருத்துவாள்.

"சர்ச்சுக்குக் கீழ ஹால்ல சாப்பாடு வச்சிருக்காங்க" என்றாள்.

"வேண்டாம், ஆர்டித். நான் வந்தா மத்தவங்களுக்கு..."

"மத்தவங்கள விடு. அம்மா அன்னிக்கு உன்ன உக்காரச் சொன்னா, சாப்பிடச் சொன்னா. நீ ரெண்டும் செய்யல. வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ."

அவன் வந்தான். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல் தட்டோடு நின்றவனைப் பார்த்துவிட்டு, டுவேன் தன் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.